படிக்கத்தானே செய்கிறேன், ரேம் ஏன் ஏறுகிறது?

கேள்வி: இருபது லட்சம் படங்களின் பாதைகளையும் குறிப்புகளையும் ஒரு பைத்தான் லிஸ்ட்டில் வைத்து, பைடார்ச் டேட்டாலோடரில் (மாடலைப் பயிற்றுவிக்கத் தரவை எடுத்துக்கொடுப்பது) எட்டு வொர்க்கர், அதாவது எட்டுத் துணைப் புரோகிராம், போட்டு லினக்ஸில் ஓட்டுகிறேன். ஓட ஓட ரேம் ஏறி, எபோக் (தரவு முழுவதையும் ஒரு சுற்று பார்ப்பது) முடிவதற்குள் புரோகிராம் செத்துவிடுகிறது. மெமரி லீக்கா? பெரிய மெஷினுக்கு மாறச் சொல்கிறார்கள்.

பதில்: மாறாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது லீக் இல்லை, அதாவது விடுவிக்க மறந்த நினைவகம் இல்லை.

ஃபோர்க் முறையில் (தாய்ப் புரோகிராமிலிருந்து பிள்ளையைப் பிரிப்பது) வொர்க்கர் பிறக்கும்போது லினக்ஸ் நினைவகத்தை நகலெடுப்பதில்லை. தாயும் பிள்ளைகளும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்வார்கள். யாராவது எழுதினால்தான் அந்தப் பக்கம், வழக்கமாக 4096 பைட், அவருக்கென்று தனியாக நகலாகும். நீங்கள் எதையும் எழுதவில்லை, சரி. ஆனால் பைத்தானில் ஒன்றைத் தொட்டாலே எழுதியதாகிவிடும். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் தலைமாட்டிலும் அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை இருக்கிறது. லிஸ்ட்டிலிருந்து ஒரு பாதையை எடுத்தால் அது ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். அந்த ஓர் எண்ணுக்காக முழுப் பக்கமும் நகலாகிறது. ஷஃபிள் வேறு போட்டு வரிசையைக் கலைத்திருப்பீர்கள். எட்டு பேரும் லிஸ்ட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய் வருவார்கள்.

தீர்வு, இருபது லட்சம் ஆப்ஜெக்ட்டை ஒன்றிரண்டாகக் குறைப்பது. ஒவ்வொரு குறிப்பையும் பிக்கிள் செய்து பைட்டாக்குங்கள். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே நம்பை அரேயில் (எண்களை நெருக்கமாக அடுக்கி வைக்கும் வரிசை) போடுங்கள். எது எங்கே முடிகிறது என்பதற்கு இன்னொரு எண் அரே. வொர்க்கர் தனக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டிப் பிரித்துக்கொள்ளும்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். லிஸ்ட்டை அப்படியே நம்பைக்குள் போட்டு, டிடைப் (அரேயின் தரவு வகை) ஆப்ஜெக்ட் என்று வந்தால் எந்தப் பயனும் இல்லை. அந்த அரேக்குள் இருப்பது உங்கள் தரவு இல்லை, பழைய பைத்தான் ஆப்ஜெக்ட்டுகளின் முகவரிகள். எண்ணிக்கை அதே இடத்தில் ஏறி இறங்கும், பக்கமும் அதேபோல் நகலாகும். பாண்டாஸ் டேட்டாஃபிரேமில் ஆப்ஜெக்ட் என்று காட்டும் எழுத்து நெடுவரிசைக்கும் இதே கதிதான். 'நம்பைக்கு மாற்றியும் சரியாகவில்லை' என்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது டிடைப் என்ன என்றுதான். மாற்றியதும் அதை ஒருமுறை பிரிண்ட் செய்து பாருங்கள். 'ஆப்ஜெக்ட்' என்று வந்தால் வேலை முடியவில்லை.

ஜிசி கலெக்ட்டை (பைத்தானில் குப்பை அள்ளும் கட்டளை) லூப்புக்குள் போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இங்கே குப்பையே இல்லை, அள்ள என்ன இருக்கிறது? 64 ஜிபி போதாது, 256 ஜிபி எடுங்கள் என்று கிளவுட் விற்பவர் சொன்னால், பிரச்சினையை அவர் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். டாப் (ஓடும் புரோகிராம்களின் நினைவகத்தைக் காட்டும் லினக்ஸ் கட்டளை) காட்டும் எண்ணையும் நம்ப வேண்டாம், பகிர்ந்த பக்கங்களை அது ஒவ்வொரு வொர்க்கர் கணக்கிலும் சேர்க்கும். ப்ராக் அடைவில் வொர்க்கரின் ஸ்மேப்ஸ் ரோலப் கோப்பைத் திறந்து, பிரைவேட் டர்ட்டி (எழுதப்பட்டு அந்த வொர்க்கருக்கே தனியான பக்கங்களின் அளவு) ஏறுகிறதா என்று பாருங்கள்.

இந்த எச்சரிக்கை பைடார்ச் ஆவணத்திலேயே இருக்கிறது. காசு வாங்கி வகுப்பு எடுப்பவர்கள் வொர்க்கரைக் கூட்டினால் வேகம் கூடும் என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறார்கள், இதைச் சொல்வதில்லை. அந்தக் கோபம் எனக்கு உண்டு. மாற்றும் வரை வொர்க்கரை இரண்டாகக் குறைத்து ஓட்டுங்கள்.