பூப் படம் போட்டால் மேக்ரோ ஆகிவிடுமா?

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் லென்ஸ் பற்றிய கடிதங்கள். முகம் எடுப்பவர்களும் பறவை, பூச்சி எடுப்பவர்களும் முறை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட முடிந்தது.

கேள்வி: கிராப் சென்சார் கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். வீட்டில் குழந்தைகளை, பெரியவர்களை எடுக்க ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸ் வேண்டும். போர்ட்ரெய்ட் என்றால் 85 மி.மீ. தான் என்கிறார்கள். 50 போதாதா?

பதில்: வீட்டுக்குள் என்றால் 50 தான். '85 தான் போர்ட்ரெய்ட் லென்ஸ்' என்பது பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம்காரர்களின் பேச்சு. உங்கள் கேமராவின் சென்சார் அதைவிடச் சின்னது, அதனால் அதில் 50 மி.மீ. லென்ஸே 75, 80 போல நெருக்கிக் காட்டும். 85 போட்டால் 130 பக்கம் போய்விடும். நிற்கிற ஒருவர் தலை முதல் கால் வரை படத்துக்குள் வர, 85-க்கு ஏறக்குறைய ஏழு மீட்டர் பின்னால் போக வேண்டும். 50-க்கு நாலு மீட்டர் சொச்சம் போதும். உங்கள் கூடத்தில் ஏழு மீட்டர் இருக்கிறதா? முதுகு சுவரில் முட்டிய பிறகு லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். கிட் லென்ஸை 50-ல் வைத்து, ஜூம் வளையம் நகராதபடி டேப் ஒட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க எடுங்கள். தூரம் ஒத்துவருகிறதா என்பது அன்றே தெரிந்துவிடும். பின்னணி கரைவதை மட்டும் அந்த லென்ஸில் பார்க்க முடியாது. 55-ல் வெளிச்சம் நுழையும் துளை எஃப் 5.6, அதாவது சுமார் 10 மி.மீ. அகலம். 50 எஃப் 1.8 லென்ஸில் அது 28 மி.மீ. வரை திறக்கும், ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதற்காக எப்போதும் முழுதாகத் திறந்தே எடுக்காதீர்கள். கிட்டத்தில் நின்று எடுத்தால் ஒரு கண் பளிச்சென்றும் மறு கண் மசமசவென்றும் இருக்கும். எஃப் 2.8-ல் ஆரம்பியுங்கள்.

கேள்வி: மலை, மனிதர், பறவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லென்ஸாக 18-400 வாங்கிவிடலாமா?

பதில்: வாங்கலாம். எல்லாவற்றுக்கும் சுமாராக இருக்கும்.

கேள்வி: பழைய 85 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ் ஒன்றை மலிவாக வாங்கினேன். என் நிக்கான் டி5300-ல் ஆட்டோ ஃபோகஸ் அசையவே இல்லை. நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லித்தான் விற்றார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. நீங்கள் படிக்காமல் வாங்கிவிட்டீர்கள். அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். அந்த மோட்டார் உள்ள கேமராக்களில் லென்ஸ் மாட்டும் வளையத்தின் ஓரமாக, ஸ்க்ரூடிரைவர் நுனி போல ஒரு சின்னக் கம்பி துருத்திக்கொண்டிருக்கும். உங்கள் கேமராவில் பாருங்கள், இருக்காது. டி3000, டி5000 வரிசைகள் எதிலுமே இல்லை. ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருந்தால் லென்ஸிலேயே மோட்டார் இருக்கிறது என்று பொருள். வெறும் ஏஎஃப் என்றால் இல்லை. இதை எத்தனை தடவைதான் எழுதுவது!

லென்ஸ் மேல் குற்றமில்லை. கையால் திருப்பி ஃபோகஸ் செய்யுங்கள். சரியான இடம் வந்ததும் வியூஃபைண்டரின் கீழ் மூலையில் பச்சைப் புள்ளி நிலையாக எரியும். அசையாமல் உட்காருகிற ஆளாகப் பார்த்து எடுத்தால் படம் அருமையாகவே வரும். ஓடுகிற குழந்தை என்றால் மறந்துவிடுங்கள்.

கேள்வி: 70-300 லென்ஸ் ஒன்று வாங்கினேன். உடம்பிலேயே 'மேக்ரோ' என்று எழுதி, பக்கத்தில் பூப் படமும் போட்டிருக்கிறது. எறும்பை எடுத்தால் புள்ளி மாதிரி தெரிகிறது. எனக்கு எடுக்கத் தெரியவில்லையா, லென்ஸில் கோளாறா?

பதில்: இரண்டும் இல்லை. அந்தப் பூதான் கோளாறு. பல வருடமாக எனக்கு இந்தப் பூவின் மேல் தீராத கோபம்.

மேக்ரோ என்று ஒரு லென்ஸைச் சொல்ல வேண்டுமானால், பொருள் எவ்வளவு பெரிதோ அதே அளவில் அதன் உருவம் சென்சாரில் விழ வேண்டும். 1:1 என்பது அதுதான். 10 மி.மீ. நீள வண்டு சென்சாரிலும் 10 மி.மீ. நீளத்துக்கு விழும். 1:2 என்றால் 5 மி.மீ. 1:4 என்றால் இரண்டரை. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ.; அதில் இரண்டரை மி.மீ. வண்டு எப்படி இருக்கும்? நீங்கள் சொன்ன அதே புள்ளி. ஜூம் லென்ஸ்களில் 1:4 வரை போவதற்கே தாராளமாக இந்தப் பெயரைப் பொறித்துவிடுகிறார்கள். 1:2 போனால் அது உத்தமமான ஜூம். பொய் என்று வழக்குப் போடவும் முடியாது. 'மேக்ரோ' என்பதற்கு இன்ன விகிதம்தான் என்று எந்தத் தயாரிப்பாளரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, நிக்கான் தன் அசல் மேக்ரோ லென்ஸ்களுக்கு 'மைக்ரோ' என்று பெயர் வைத்திருக்கிறது. புதிதாக வாங்க வருகிறவர் குழம்பாமல் என்ன செய்வார்?

ஆகவே பூவைப் பார்க்காதீர்கள். விவரக் குறிப்பில் 'அதிகபட்ச உருப்பெருக்கம்' என்ற வரியைத் தேடுங்கள். 1.0 என்றால் மேக்ரோ. 0.25 என்றால் பூ.

அடுத்த வரியில் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்' என்று போட்டிருப்பார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தத் தூரத்தை லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து அளப்பதில்லை. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளக்கிறார்கள். 30 செ.மீ. என்று எழுதியிருக்கும் 100 மி.மீ. மேக்ரோவில், கேமராவும் லென்ஸும் அடைத்துக்கொள்வது போகப் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மிஞ்சுவது கிட்டத்தட்ட பாதிதான். 60 மி.மீ. மேக்ரோவில் ஏறக்குறைய 10 செ.மீ. லென்ஸின் நிழலே பூச்சியின் மேல் விழும், அதுவும் பறந்துவிடும். பூச்சி எடுக்க 90, 100, 105 என்று தேடுவது இதனால்தான். அதே லென்ஸ் முகம் எடுக்கவும் நன்றாக இருக்கும், தனியாக ஒரு 85 வாங்கும் செலவு மிச்சம்.

அதற்கும் கையில் பணம் இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்குங்கள். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் வளையம். 25 மி.மீ. வளையத்தை 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் மாட்டினால், லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில், அதாவது வெகு தொலைவில் வைத்தாலும் 1:2 வந்துவிடும். மின் இணைப்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலான புதிய லென்ஸ்களில் துளையை மாற்ற முடியாது. அப்புறம், 1:1-ல் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். எறும்பின் கண் தெளிந்தால் கால் கலங்கும். அதற்காக எனக்கு மறுபடி எழுத வேண்டாம்.

கேள்வி: போன வாரம் கேமரா வாங்கினேன். அடுத்து வாங்க வேண்டிய மூன்று லென்ஸ்களை வரிசைப்படுத்திச் சொல்லவும்.

பதில்: ஒன்றும் வேண்டாம். எதைப் படம் எடுக்கப் பிடிக்கும் என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: பழைய 70-200 லென்ஸ் ஒன்றை நெடுநாள் சேமித்து வாங்கினேன். 'கண்ணாடி சுத்தம்' என்று விளம்பரத்தில் இருந்தது. வந்து ஐந்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சை. நான்தான் ஈரத்தில் வைத்துவிட்டேன் என்கிறார் விற்றவர்.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. வலை பின்னுகிற அளவுக்குப் பூஞ்சை வளர ஐந்து நாள் போதாது. அவர் பையில் வருடக்கணக்கில் ஈரத்தோடு கிடந்திருக்கும்.

முதல் காரியம், யாரிடமும் கொடுத்துப் பிரிக்காதீர்கள். சுத்தம் செய்ய முடியும் என்று கடைக்காரர் சொன்னாலும் இப்போது வேண்டாம். திறந்துவிட்டால் 'நீங்கள் திறந்ததால்தான்' என்று விற்றவர் தப்பித்துக்கொள்வார். வரிசை எண்ணும் பூஞ்சையும் ஒரே தொடர்ச்சியில் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். விளம்பரத்தை நீக்குவதற்குள் படம் பிடித்து வையுங்கள். விற்றவருக்குத் தொலைபேசியில் அல்ல, எழுத்தில் கேளுங்கள். பணம் எந்த வழியாகப் போனதோ அவர்களிடமும் கெடு முடிவதற்குள் புகார் பதியுங்கள். அதுவரை இந்த லென்ஸை உங்கள் மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: பழைய லென்ஸை நேரில் வாங்குகிறவர்கள் இரண்டு மூடியையும் கழற்றி, துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். நாலு தூசி தெரிந்தால் பயப்பட வேண்டாம், எல்லா லென்ஸிலும் இருக்கும். நூல் நூலாகவோ மூட்டமாகவோ தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். துடைத்தாலும் தழும்பு நிற்கும், வெளிச்சத்தை நோக்கி எடுத்தால் படம் வெளிறும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். தோல் உறை பார்க்க அழகு, ஆனால் ஈரத்தை விடாது.

கேள்வி: என் 70-300-க்குப் பின்னால், நெருக்கிக் காட்டும் 2 மடங்கு டெலி கன்வெர்ட்டர் போட்டால் 600 ஆகிவிடும் அல்லவா? பறவை எடுக்க இதுதானே மலிவான வழி?

பதில்: 600 ஆகும், எஃப் 5.6 எஃப் 11 ஆகும். நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும். ஆட்டோ ஃபோகஸ் தடவிக்கொண்டிருக்கும்போதே பறவை கூடு போய்ச் சேர்ந்துவிடும். தவிர, இத்தகைய ஜூம்கள் பலவற்றுக்குக் கன்வெர்ட்டர் பொருந்தவே பொருந்தாது.

மலிவான வழியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. நான் ஒரு காலத்தில் 500 மி.மீ. எஃப் 8 மிரர் லென்ஸ், அதாவது உள்ளே ஆடி வைத்த லென்ஸ் வாங்கினேன். கைக்கடக்கமாக, எடை இல்லாமல், அநியாயத்துக்கு மலிவாக இருந்தது. துளையை மாற்ற முடியாது, எப்போதும் எஃப் 8. ஃபோகஸ் கையால்தான். வளையத்தை மயிரிழை திருப்பினால் மீன்கொத்தி தெளியும், இன்னொரு மயிரிழையில் கலைந்துவிடும். ஒரு நாள் காலை முழுக்க ஏரிக்கரையில் உட்கார்ந்து எடுத்தேன். பின்னால் தண்ணீரில் மினுங்கிய வெயில் அத்தனையும் வட்ட வட்டமாக விழுந்து, வளையல் கடைக்குள் மீன்கொத்தி புகுந்த மாதிரி ஆகிவிட்டது. லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விற்கத் தயக்கம், வாங்குகிறவர் எனக்குத்தானே கடிதம் எழுதுவார்.

பணம் சேரும் வரை 300-ஐ வைத்துக்கொண்டு, பறவை பழகுகிற இடத்தில் அசையாமல் உட்காருங்கள். பாதித் தூரத்துக்கு அது வந்தால் 600 வாங்கின மாதிரிதான்.

கேள்வி: லென்ஸ் வாங்கும்போது யு.வி. ஃபில்டர் கட்டாயம் என்று கடையில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். தேவையா?

பதில்: ஃபிலிம் காலத்தில் தேவைப்பட்டது. இப்போது சென்சாரின் முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு இருக்கிறது. மணல், கடல் தெறிப்பு என்றால் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். ஃபில்டருக்குத்தான் செலவு செய்வேன் என்றால் போலரைசர் வாங்குங்கள். இலையின் பளபளப்பும் தண்ணீர் மேல் கூசுகிற வெளிச்சமும் அடங்கும்.

கேள்வி: பழைய 85 எஃப் 1.8 ஒன்று பாதி விலைக்கு வருகிறது. முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறல், மற்றதெல்லாம் சரி. வாங்கலாமா?

பதில்: பின்கண்ணாடியில் கீறல் என்றால் வேண்டாம் என்பேன். முன்னால் ஒரு கீறல் என்றால் கவலையில்லை. கடுகளவு காகிதத்தை உங்கள் லென்ஸின் முன் ஒட்டி எஃப் 1.8-ல் எடுத்துப் பாருங்கள், படத்தில் தேடினாலும் கிடைக்காது. உங்களுக்கு மனசில்லை என்றால் விற்பவரின் எண்ணை எனக்கு அனுப்புங்கள்.