மாட்யூல் இல்லை என்று சொல்வது எந்தப் பைத்தான்? கேள்வி பதில்

பைத்தான் நிரல்மொழியில் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு புராஜெக்ட்டுக்கென்று தனியாகப் பைத்தானும் பேக்கேஜ்களும் வைத்திருக்கும் ஃபோல்டர்) போட்டு வேலை பார்ப்பவர்களை அடிக்கடி மறிக்கிற எரர் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்', அதாவது இம்போர்ட் செய்யக் கேட்ட நிரல் பகுதி கிடைக்கவில்லை என்பது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படியே தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள். வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டைச் சுருக்கி 'வென்வ்' என்கிறேன். 'பிப்' என்பது பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை, இறக்கிப் போடும் கருவி.

கேள்வி: அண்ணா, 'பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்' கொடுத்தால் ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. ஃபைலை ஓட்டினால் ரிக்வெஸ்ட்ஸ் என்று ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். இரண்டும் வேறு வேறு பைத்தானைப் பற்றிப் பேசுகின்றன, அவ்வளவுதான்.

உங்கள் கணினியில் பைத்தான் ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிஸ்டத்தோடு வந்தது ஒன்று, நீங்கள் இறக்கிப் போட்டது ஒன்று, ஒவ்வொரு வென்வுக்குள்ளும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 'சைட் பேக்கேஜஸ்' என்ற ஃபோல்டர் தனித்தனியாக உண்டு. 'பிப்' என்று மட்டும் அடித்தால் பாத்தில் (கட்டளைகளை டெர்மினல் வரிசையாகத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) முதலில் அகப்படுகிற பிப் ஓடும். அது எந்தப் பைத்தானுக்குச் சொந்தமோ அதன் ஃபோல்டரில்தான் பேக்கேஜ் போய் உட்காரும். உங்கள் ஃபைலை ஓட்டுவது வேறொரு பைத்தான் என்றால் அதன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

பிப் 'ரிக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைடு' என்று சொன்ன அந்த வரியைக் கடைசிவரை படியுங்கள். பேக்கேஜ் பெயருக்குப் பிறகு 'இன்' என்று போட்டு ஒரு ஃபோல்டர் பாதை இருக்கும். அதில் உங்கள் புராஜெக்ட் ஃபோல்டரின் பெயர் இல்லை, 'யூஎஸ்ஆர்/லிப்' என்றோ வேறு எதுவோ இருக்கிறது என்றால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அடுத்து, எரர் வருகிற ஃபைலின் முதல் இரண்டு வரியாக 'இம்போர்ட் சிஸ்', 'பிரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)' என்று போட்டு ஓட்டுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானின் முழு முகவரி வரும். இரண்டு பாதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இனிமேல் 'பிப் இன்ஸ்டால்' என்று தனியாக அடிக்காதீர்கள். 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்' என்று அடியுங்கள். எந்தப் பைத்தானைக் கூப்பிடுகிறீர்களோ அதற்கே பேக்கேஜ் போகும். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுக்க விரும்புவது இந்தப் பழக்கத்தைத்தான்.

கேள்வி: வென்வை ஆக்டிவேட் செய்துவிட்டேன். டெர்மினலில் அடைப்புக்குறிக்குள் அதன் பெயரும் தெரிகிறது. அப்படியும் பழைய பைத்தானே ஓடுகிறது. இது எப்படி சாத்தியம்?

ஆக்டிவேட் செய்வதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. வென்வின் 'பின்' ஃபோல்டரை (விண்டோஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்') பாத்தின் முன்னால் சேர்க்கும், 'வெர்ச்சுவல் என்வ்' என்ற மாறியில் ஃபோல்டரின் பாதையை வைக்கும், பிராம்ப்டில் பெயரைக் காட்டும். இதெல்லாம் அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும். ஆகவே அடைப்புக்குறியில் பெயர் தெரிவதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் மாதிரி நிலைமைக்கு இரண்டு காரணங்களை அதிகம் பார்க்கிறேன். ஒன்று, ஷெல்லின் (டெர்மினலில் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) தொடக்க ஃபைலில் எப்போதோ 'ஏலியஸ் பைத்தான்' என்று ஒரு மாற்றுப்பெயர் எழுதி வைத்திருப்பீர்கள். ஷெல் பாத்தைத் தேடுவதற்கு முன்பே ஏலியஸைப் பார்த்துவிடும், எனவே வென்வ் என்ன செய்தாலும் எடுபடாது. 'டைப் பைத்தான்' என்று அடித்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, புராஜெக்ட் ஃபோல்டரின் பெயரை மாற்றியிருப்பீர்கள், அல்லது வேறு இடத்துக்கு நகர்த்தியிருப்பீர்கள். ஆக்டிவேட் ஸ்கிரிப்ட்டுக்குள்ளும், பிப் போன்ற கட்டளைகளின் முதல் வரியிலும் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். ஃபோல்டர் நகர்ந்தாலும் அந்த வரிகள் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். 'பேட் இன்டர்பிரட்டர்' என்று எரர் வருவதும் இதனால்தான்.

வென்வை நகர்த்தவோ, நகல் எடுக்கவோ, 'கிட்' என்ற நிரல் சேமிப்புக் கருவியில் ஏற்றவோ வேண்டாம். அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே சரியான வழி. 'ரிக்வயர்மென்ட்ஸ்' ஃபைல் (தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) ஒழுங்காக இருந்தால் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அவ்வளவே.

அப்புறம், ஆக்டிவேட் செய்யாமலும் வென்வைப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. '.வென்வ்/பின்/பைத்தான் மெயின்.பை' என்று நேரடியாக ஓட்டுங்கள். அந்தப் பைத்தான் தனக்கு ஒரு படி மேலே இருக்கும் 'பைவென்வ்.சிஎஃப்ஜி' ஃபைலைப் பார்த்து, தான் ஒரு வென்வுக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ளும். 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் இந்த ஏற்பாடு மொழியோடு சேர்ந்தே வருகிறது.

கேள்வி: 'இம்போர்ட் சிவி2' வேலை செய்யவில்லை. 'பிப் இன்ஸ்டால் சிவி2' போட்டாலும் கிடைக்கவில்லை.

இம்போர்ட் செய்யும் பெயரும் இன்ஸ்டால் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிவி2க்கு 'ஓபன்சிவி-பைத்தான்', பிஐஎல்லுக்கு 'பில்லோ', யாம்லுக்கு 'பையாம்ல்', எஸ்கேலேர்னுக்கு 'சைகிட்-லேர்ன்', பிஎஸ்4க்கு 'பியூட்டிஃபுல்சூப்4'. பெயரை ஊகித்து இன்ஸ்டால் செய்து பார்க்காதீர்கள். பிரபலமான பேக்கேஜ்களின் பெயரைப் போலவே பெயர் வைத்துத் தீங்கான நிரலை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த லைப்ரரியின் சொந்த ஆவணத்தில் உள்ள கட்டளையைப் பார்த்து அடியுங்கள்.

கேள்வி: சார், ஜூப்பிட்டர் நோட்புக்கில்தான் எனக்குப் பிரச்சினை. செல்லிலேயே ஆச்சரியக்குறி போட்டு பிப் இன்ஸ்டால் செய்தேன், வெற்றி என்று வந்தது. அடுத்த செல்லில் இம்போர்ட் செய்தால் இல்லை.

நோட்புக்கில் எழுதும் நிரலை ஓட்டுவது கெர்னல் என்ற பின்னணி நிரல். எந்தப் பைத்தானை ஓட்ட வேண்டும் என்று ஒவ்வொரு கெர்னலுக்கும் 'கெர்னல்.ஜேசன்' ஃபைலில் எழுதியிருக்கும். ஆச்சரியக்குறி போட்டால் கட்டளை ஷெல்லுக்குப் போகிறது. ஷெல்லுக்குக் கெர்னலைப் பற்றிக் கவலை இல்லை, தன் பாத்தில் உள்ள பிப்பை ஓட்டிவிடும். ஆச்சரியக்குறிக்குப் பதில் சதவீதக்குறி போட்டு '%பிப் இன்ஸ்டால்' என்று கொடுங்கள். கெர்னலின் பைத்தானுக்கே பேக்கேஜ் போகும். பிறகு கெர்னலை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், வென்வுக்குள் 'ஐபைகெர்னல்' பேக்கேஜைப் போட்டு, 'பைத்தான் -எம் ஐபைகெர்னல் இன்ஸ்டால் --யூசர் --நேம்' என்று எழுதி உங்கள் புராஜெக்ட் பெயரைக் கொடுங்கள். நோட்புக்கின் கெர்னல் பட்டியலில் அந்தப் பெயர் வரும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: விஎஸ் கோடில் இம்போர்ட் வரிக்குக் கீழே நெளிகோடு விழுகிறது. ஆனால் டெர்மினலில் நன்றாக ஓடுகிறது.

அப்படியானால் உங்கள் நிரலில் கோளாறு இல்லை. எடிட்டர் வேறொரு பைத்தானை வைத்துக்கொண்டு சரிபார்க்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி 'செலக்ட் இன்டர்பிரட்டர்' என்று தேடி உங்கள் வென்வைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: யூவி (பிப் போன்ற இன்னொரு கருவி) வைத்து வென்வ் உருவாக்கினேன். உள்ளே போய் 'பைத்தான் -எம் பிப்' கொடுத்தால் பிப் என்ற மாட்யூலே இல்லை என்கிறது! பிப்பே இல்லாத வென்வ் இருக்குமா?

இருக்கும். 'யூவி வென்வ்' உருவாக்கும் சூழலில் இயல்பாகப் பிப் வைக்கப்படுவதில்லை. இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வென்வை ஆக்டிவேட் செய்துவிட்டு வெறும் 'பிப்' என்று அடித்தால், உள்ளே பிப் இல்லாததால் ஷெல் பாத்தில் அடுத்த இடத்துக்குப் போய் சிஸ்டத்தின் பிப்பை ஓட்டிவிடும். பேக்கேஜ் வெளியே போய் விழும், நீங்கள் உள்ளே தேடிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் '-எம்' போட்டு அடித்ததால்தான் உண்மை உடனே தெரிந்தது. 'யூவி பிப் இன்ஸ்டால்' பயன்படுத்துங்கள். பிப் வேண்டும் என்றால் வென்வ் உருவாக்கும்போதே '--சீட்' சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸில் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று சொல்லி இன்ஸ்டால் செய்யவே விடுவதில்லை. சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டுத் தள்ளிவிடலாமா?

வேண்டாம். 2023இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் இந்தத் தடுப்பு இருக்கிறது. அந்தச் சிஸ்டங்களின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானை நம்பி ஓடுகின்றன. நீங்கள் ஒரு பேக்கேஜின் பதிப்பை மாற்றினால் அவை உடையலாம். '--பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற வழியும் உண்டு, பெயரிலேயே எச்சரிக்கையை வைத்திருக்கிறார்கள். ஒரு வென்வ் போட்டால் இந்தத் தடுப்பே குறுக்கே வராது. வென்வ் போடும்போது எரர் வந்தால் 'ஏபிடி' (சிஸ்டத்தின் சொந்த இன்ஸ்டால் கருவி) வழியாக 'பைத்தான்3-வென்வ்' பேக்கேஜை முதலில் இறக்குங்கள்.

சூடோ பற்றி இன்னொன்று. வென்வ் ஆக்டிவேட் ஆகியிருந்தாலும் 'சூடோ பைத்தான்' என்று அடித்தால் பெரும்பாலும் சிஸ்டம் பைத்தான்தான் ஓடும், ஏனென்றால் சூடோ தனக்கென்று வைத்திருக்கும் பாத்தையே பார்க்கும்.

கேள்வி: பைத்தானைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். நேற்றுவரை ஓடியது எல்லாம் போய்விட்டது. 'டிஸ்ட்யூட்டில்ஸ்' இல்லை என்றும் வருகிறது.

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் சேர்ந்து வந்திருக்கின்றன. வென்வுக்குள் பேக்கேஜ்கள் 'லிப்/பைத்தான்3.11/சைட்-பேக்கேஜஸ்' என்பது போல் பதிப்பு எண்ணோடு கூடிய ஃபோல்டரில் இருக்கும். 3.12 அந்த ஃபோல்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பழைய வென்வை அழித்துப் புதிய பைத்தானில் மறுபடி உருவாக்குங்கள்.

பேக்கேஜ் கட்ட உதவும் பழைய மாட்யூலான டிஸ்ட்யூட்டில்ஸின் கதை வேறு. 2023 அக்டோபரில் வந்த 3.12இல் அதை மொழியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதே பதிப்பிலிருந்து புதிய வென்வில் 'செட்டப்டூல்ஸ்' தானாக வருவதும் நின்றுவிட்டது. அதை நீங்களே இன்ஸ்டால் செய்தால் டிஸ்ட்யூட்டில்ஸும் அதன் வழியே கிடைக்கும். ஆனால் உங்கள் நிரலில் அதை நேரடியாக இம்போர்ட் செய்திருந்தால் மாற்றி எழுதிவிடுவது நல்லது.

கேள்வி: வெளியிலிருந்து வாங்கிய பேக்கேஜ் எல்லாம் சரி. நான் எழுதிய ஃபோல்டரையே இல்லை என்கிறது. 'ஆப்' ஃபோல்டருக்குள் 'மெயின்.பை', பக்கத்தில் 'யூட்டில்ஸ்.பை'. 'ஃப்ரம் ஆப் இம்போர்ட் யூட்டில்ஸ்' என்று எழுதியிருக்கிறேன்.

'பைத்தான் ஆப்/மெயின்.பை' என்று ஓட்டியிருப்பீர்கள். அப்படி ஓட்டும்போது தேடும் பட்டியலின் முதல் இடத்தில் நீங்கள் நிற்கும் ஃபோல்டர் வராது, மெயின் ஃபைல் இருக்கும் 'ஆப்' ஃபோல்டர்தான் வரும். அதற்குள் இன்னொரு 'ஆப்' இல்லையே! ஒரு படி மேலே நின்றுகொண்டு 'பைத்தான் -எம் ஆப்.மெயின்' என்று ஓட்டுங்கள். நிற்கும் இடமே பட்டியலில் முதலாக வரும். அந்தப் பட்டியலான 'சிஸ்.பாத்'தில் கையால் பாதையைச் சேர்க்கும் வழியைப் பலர் சொல்வார்கள். உங்கள் கணினியில் ஓடும், அடுத்தவர் கணினியில் நின்றுவிடும்.

கேள்வி: 'இமெயில்.மைம்' இல்லை, 'இமெயில்' ஒரு பேக்கேஜ் இல்லை என்று வருகிறது. அது பைத்தானோடு வருவதுதானே?

உங்கள் ஃபோல்டரில் 'இமெயில்.பை' என்று ஒரு ஃபைல் வைத்திருக்கிறீர்கள். பைத்தான் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. பெயரை மாற்றுங்கள்.

கேள்வி: சர்வரில் கையால் ஓட்டினால் ஓடுகிறது. கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் ஏற்பாடு) போட்டால் மாட்யூல் இல்லை என்கிறது.

கிரான் உங்கள் ஷெல்லின் தொடக்க ஃபைல்களைப் படிப்பதில்லை, அதன் பாத்தும் மிகச் சிறியது. கிரான் வரியில் வென்வின் பைத்தானுக்கு முழுப் பாதை கொடுங்கள். நிரலைத் தனிப் பெட்டிபோல் கட்டி ஓட்டும் டாக்கரிலும் இதே கதைதான். ஒரு 'ரன்' வரியில் ஆக்டிவேட் செய்தால் அந்த வரியோடு முடிந்துவிடும், அடுத்த வரிக்குப் புது ஷெல். 'என்வ்' வரியில் பாத்தின் முன்னால் வென்வின் 'பின்' ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: இணையம் இல்லாத கணினி. நண்பரின் விண்டோஸ் கணினியிலிருந்து சைட் பேக்கேஜஸ் ஃபோல்டரை அப்படியே என் லினக்ஸுக்கு நகல் எடுத்தேன். நம்பை ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அதற்குள் ஏதோ ஒரு மாட்யூல் இல்லை என்கிறது.

நம்பையின் முக்கியப் பகுதி சியில் எழுதி கம்பைல் செய்யப்பட்டது. அந்த ஃபைல்கள் குறிப்பிட்ட ஆபரேட்டிங் சிஸ்டம், குறிப்பிட்ட பைத்தான் பதிப்பு, குறிப்பிட்ட பிராசஸர் வகைக்கு மட்டுமே பொருந்தும். விண்டோஸ் ஃபைலை லினக்ஸால் ஏற்ற முடியாது, அதனால் இல்லை என்றே சொல்லும்.

இணையம் உள்ள, உங்களுடையதைப் போலவே லினக்ஸும் அதே பைத்தான் பதிப்பும் அதே பிராசஸர் வகையும் கொண்ட ஒரு கணினியைத் தேடுங்கள். அங்கே 'பைத்தான் -எம் பிப் டவுன்லோடு -டி வீல்ஸ் நம்பை' என்று கொடுத்தால், அது சார்ந்திருக்கும் பேக்கேஜ்களும் சேர்ந்து 'வீல்ஸ்' ஃபோல்டரில் இறங்கும். அதைப் பென் டிரைவில் கொண்டுவந்து, உங்கள் வென்வின் பைத்தானில் '-எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் வீல்ஸ் நம்பை' என்று கொடுங்கள். நகல் எடுத்த பழைய ஃபோல்டரை அதற்கு முன்பே நீக்கிவிடுங்கள்.