சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு சைக்கிளில் போகப்போகிறேன். வழியில் முன்பின் தெரியாதவர்கள் உண்மையிலேயே வீட்டில் தங்கவைப்பார்களா?

தங்கவைப்பார்கள். என்னைத் தங்கவைத்தார்கள், நானும் 2017 முதல் மற்றவர்களைத் தங்கவைக்கிறேன். நடுவில் 2020 மார்ச்சிலிருந்து 2022 ஏப்ரல் வரை சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் கடற்பாலம் அடைபட்டுக் கிடந்தபோது மட்டும் யாரும் வரவில்லை. "ஊர்பேர் தெரியாதவனை வீட்டுக்குள் விடுகிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா" என்று கேட்கத் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அதை என் மாமியார் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

நீங்கள் அநேகமாக ஒரு வாரம் லீவு சொல்லி, வீட்டில் பாதி விஷயத்தை மட்டும் சொல்லி, ஹோட்டல் செலவைக் கூட்டிப் பார்த்து மலைத்துப்போய்த்தான் இதைக் கேட்கிறீர்கள். 2016 நவம்பரில் நானும் அப்படித்தான் கிளம்பினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மோட்டார்சைக்கிள் தடத்தில் புகை குடித்துக்கொண்டு நின்று, கடற்பாலம் தாண்டி, கூட்டரசு சாலை 5 பிடித்து, பொந்தியான் வழியாக முதல் நாள் பத்து பகாட். அங்கே ஒரு லாட்ஜ். மறுநாள் காலையிலிருந்து மழை. மூன்று மணிவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூவார் ஐம்பது கிலோமீட்டர்தானே, இருட்டுவதற்குள் மிதித்துவிடலாம் என்று இறங்கினேன்.

பாரிட் ஜாவா பக்கத்தில் பின்சக்கரத்தில் இரண்டு போக்ஸ் கம்பி முறிந்தது. சக்கரம் கோட்டமாகி பிரேக்கில் உரச ஆரம்பித்தது. என்னிடம் மாற்றுக் கம்பி இல்லை. ஆனால் பையில் இஸ்திரி போட்ட சட்டை இருந்தது. பினாங்கில் யாரைப் பார்க்கப் போட்டுக்கொள்ள நினைத்தேனோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாலையோரம் பீசாங் கோரெங் விற்கிற ஒரு மக்சிக், அதாவது மலாய் அத்தை, கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். "மூவாருக்கு பஸ் உண்டா" என்று என் சந்தை மலாயில் கேட்டேன். அவர் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். இல்லை என்றேன். மிச்சமிருந்த வாழைப்பழ பஜ்ஜியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, பின்னாலிருந்த வீட்டைப் பார்த்துக் கணவரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் நேர்காணல். பாஸ்போர்ட்டைக் காட்டு என்றோ, நீ என்ன மதம் என்றோ யாரும் கேட்கவில்லை. மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று நானாகத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தெரியும், மீன்தான்" என்று ஆசாம் பெடாஸ் குழம்பை ஊற்றினார். பாரிட் ஜாவா அதற்குப் பேர்போன ஊர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நம் மீன்குழம்பை விட ஒரு படி கூடப் புளிப்பு.

பாக்சிக், அதாவது அவர் கணவர், எனக்கு உடுத்திக்கொள்ள ஒரு சாரம் கொடுத்தார். என் நனைந்த ஷூக்களுக்குள் பழைய நாளிதழைத் திணித்து, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார். அங்கே சூடான காற்று வருமாம். காலையில் எடுத்துப் பார்த்தால் ஷூ மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அந்த யோசனையை நான் இன்றுவரை என் விருந்தாளிகளுக்குச் செய்கிறேன். பொழுது விடிந்ததும் அவர் சக்கரத்தைக் கழற்றி மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு மூவாருக்குப் போய், கம்பி போட்டு, கோட்டம் எடுத்து, பதினொரு மணிக்குத் திரும்பினார். ஐம்பது ரிங்கிட் நீட்டினேன். கடையில் கொடுத்த பன்னிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சட்டைப்பையிலிருந்து எண்ணி எண்ணிக் கையில் வைத்தார். தங்கியதற்கு என்று ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அந்த மனுஷன் முகம் சுருங்கியிருக்கும்.

அதே பயணத்தில் கிள்ளானில் இருக்கிற என் சொந்தக்காரர் "வீட்டில் பெயிண்ட் அடிக்கிறாங்க தம்பி" என்றார். பெயிண்ட் இன்னும் காய்ந்தபாடில்லை. அதை விடுங்கள்.

ஆனால் இதை விடமுடியாது. 2007இல் நான் வேலை அனுமதியோடு சிங்கப்பூருக்கு வந்து அறை தேடியபோது, முகவர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி "இந்தியரா?" இரண்டாவது, "சமைப்பீர்களா?" இரண்டு மாத முன்பணம் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஏழு வீடு. ஏழிலும் "உரிமையாளர் வேறு மாதிரி எதிர்பார்க்கிறார்" என்ற ஒரே பதில். அதில் ஒரு வீட்டுக்காரர் தமிழர். தாளிப்பு வாசனை சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம். அவர் வீட்டில் தாளிக்காமல் ரசம் வைக்கிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை, படி இறங்கும்போதுதான் தோன்றியது. உடனே "எல்லா வீட்டுக்காரர்களும் அப்படி இல்லை" என்று கிளம்பாதீர்கள். இல்லைதான். எட்டாவது வீட்டு சீன மூதாட்டி கொடுத்தார். நான் சொல்வது அந்த ஏழு வீடுகளைப் பற்றி.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு நடந்ததுபோல் சாலையோரத்தில் தானாக அமைவதை நம்பிக் கிளம்பாதீர்கள். வார்ம் ஷவர்ஸ் என்று சைக்கிள் பயணிகளுக்கென்றே 1993 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இன்று நீ என் வீட்டில் தங்கு, நாளை வேறொருவன் உன் வீட்டில் தங்குவான். தங்குவதற்குப் பணம் கிடையாது. 'வெந்நீர்க் குளியல்' என்று பெயர் வைத்தவர் குளிர்நாட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். இந்தப் புழுக்கத்தில் வெந்நீர் யார் கேட்டது? உறுப்பினராகும்போது வீட்டில் என்னென்ன வசதி உண்டு என்று குறிக்க வேண்டும். படுக்கை, துணி துவைக்க இடம், கருவிகள், அப்புறம் கூடாரம் அடிக்கப் புல்வெளி. ஒன்பதாம் மாடி மூவறை வீட்டுக்காரன் அதற்கு என்ன எழுதுவான்?

என் வீடு மார்சிலிங்கில், சோதனைச்சாவடிக்குப் பக்கம். அதனால் ஆள் வரத்து அதிகம். ஐரோப்பாவிலிருந்து மிதித்து வருகிறவர்களுக்குக் கண்டத்தின் சாலை இங்கேதான் முடிகிறது. இதற்கப்புறம் கடல். எல்லாருக்கும் நான் முதலில் அனுப்பும் செய்தி ஒன்றுதான்: கைப்பேசி வழிகாட்டியை நம்பி புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஏறிவிடாதே, விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, மார்சிலிங் ரயில் நிலையத்துக்கு வா, கீழே நிற்கிறேன்.

2018இல் ஒரு போலந்துப் பையன் வந்தான். பதினான்கு மாதம் சாலையில் இருந்தவன். தாடி, கிழிந்த கையுறை. அப்போது என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். அவன் குளிக்கப் போனதும் தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, நான் மேலே சொன்ன கேள்வியை என்னிடம் கேட்டார். நான் பாரிட் ஜாவா கதையைச் சொன்னேன். "அவங்க நல்லவங்க, சரி. இவன் யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பதில் இல்லை. இப்போதும் இல்லை.

அவனுக்கு மறுநாள் இரவு பெர்த்துக்கு விமானம். ஆஸ்திரேலியாவில் சைக்கிள் டயரில் மண் ஒட்டியிருந்தால் விடமாட்டார்கள். அந்நிய மண்ணோடு விதையும் பூச்சியும் வந்துவிடும் என்று அவ்வளவு கெடுபிடி. பையன் குளியலறைத் தரையில் உட்கார்ந்து பழைய பல்துலக்கியால் டயர் பள்ளம் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். அத்தை வாசலில் நின்று பத்து நிமிடம் பார்த்தார். அப்புறம் புடவையைச் செருகிக்கொண்டு, "இப்படித் தேச்சா விடிஞ்சிடும், தள்ளு" என்று தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவனுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "இவ்ளோ தூரம் மிதிச்சு வந்திருக்கியே, பஸ்ஸே இல்லையா தம்பி?" என்று அவர் கேட்க, அவன் "யெஸ் யெஸ்" என்றான்.

சைக்கிளைக் கட்ட அட்டைப்பெட்டி வேண்டும். ஒரு சைக்கிள் கடையில் சும்மா கொடுத்தார்கள். அந்த நீளப் பெட்டியை நானும் அவனும் முன்னும் பின்னுமாகத் தோளில் வைத்து வீடுவரை தூக்கிவந்தோம். மின்தூக்கிக்குக் காத்திருந்த பக்கத்து புளோக் ஆன்ட்டி பாடை என்று நினைத்தாரோ என்னவோ, ஒதுங்கி நின்று வழிவிட்டார். சங்கிலி அரிசி டப்பாவிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று நான் பார்க்கவில்லை. அவனை விமான நிலையத்துக்கு அனுப்பும்போது அத்தை கழுத்தில் இருந்தது.

எல்லாரும் இந்தப் பையனைப்போல் இருப்பதில்லை. மாலை நான்கு மணி என்று சொல்லி இரவு பதினொன்றுக்கு வந்தவர் உண்டு. வீட்டை ஹோட்டல்போல நினைத்து ஈரத் துண்டைச் சோபாவில் போட்டவர் உண்டு. நீங்கள் போகும்போது இரண்டு மூன்று நாள் முன்னாலேயே எழுதிக் கேளுங்கள், சொன்ன நேரத்துக்குப் போங்கள், தாமதமானால் செய்தி அனுப்புங்கள். அடுக்குமாடியில் சைக்கிளை வீட்டு வாசல் நடைபாதையில் நிறுத்தச் சொன்னால் ஆட்கள் நடக்க 1.2 மீட்டர் விட்டு நிறுத்துங்கள். அளவுநாடாவோடு இதை நிரூபிக்கவேண்டிய நிலை எனக்கு வந்தது. அண்டை வீட்டார் மனம் அப்படி.

நீங்கள் பெண்ணாக இருந்து தனியாகப் போவதானால் என் அனுபவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆண் என்பதால் எனக்குக் கிடைத்த தைரியம் இதில் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியாது. தனியாகப் போய்வந்த பெண்களிடம் கேளுங்கள். விருந்தளிப்பவரைப் பற்றி முன்பு தங்கியவர்கள் எழுதியிருப்பதையும் படியுங்கள்.

மாற்று போக்ஸ் கம்பி நான்கு எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் சக்கரத்துக்குச் சரியான நீளத்தில். காற்றடிக்கும் பம்ப் வாங்கவேண்டாம், என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துப்போங்கள். திருப்பித் தரவேண்டும். போன தடவை வாங்கிப்போனவர் இன்னும் தரவில்லை, இது இரண்டாவது பம்ப்.