எண் வந்தால் புது பெப்டைடு ஆகிவிடுமா?

கேள்வி: உதகையில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். காட்டு வயோலா செடியின் இலைச்சாற்றை ஏஜென்ட் ஒருவர் மூலம், மூலக்கூறுகளின் எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்குக் கொடுத்தேன். 3,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அளவைச் சுற்றி நிறைய பீக் வந்திருக்கிறது. இது புது பெப்டைடாம், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியாம். மேலும் பணம் கட்டினால் சீக்வன்ஸ், அதாவது அவை கோத்திருக்கும் வரிசை, எடுத்துத் தருவாராம். கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். அந்தக் கருவி ஒரு தராசு. எடையைச் சொல்லும், இன்னார் என்று சொல்லாது. ஏஜென்ட் கொடுத்த பிடிஎஃப் போதாது. மூல டேட்டா ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தடுத்த பீக்குகள் 44, 44 என்று படிக்கட்டு மாதிரி ஏறினால் அது செடியிலிருந்து வந்ததே இல்லை. சோப்பிலிருந்தோ பிளாஸ்டிக்கிலிருந்தோ ஒட்டிக்கொண்ட பாலிஎத்திலீன் கிளைக்கால். இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று நம்பிப் பணம் கட்டிய மாணவர்களைப் பார்த்து நொந்திருக்கிறேன்.

படிக்கட்டு இல்லையென்றால் சரி, மேலே போகலாம். வயோலா குடும்பத்தில் சைக்ளோடைடு என்ற பெப்டைடுகள் உண்டு. 28 முதல் 37 அமினோ அமிலம். அதில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு, இரண்டிரண்டாகக் கைகோத்து மூன்று பாலம். பாலங்களை டிடிடி என்ற வேதிப்பொருள் போட்டு உடைத்து, அவை மறுபடி ஒட்டாதபடி அயோடோஅசிட்டமைடால் அடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். சிஸ்டீனுக்கு 58 வீதம் 348 கூடியிருந்தால் அது சைக்ளோடைடுதானா என்ற சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. உடைப்பதையும் அடைப்பதையும் கல்லூரி லேபிலேயே செய்து, எடைக்கு மட்டும் வெளியே அனுப்பலாம்.

சீக்வன்ஸில்தான் சிக்கல். சாதாரண பெப்டைடு கயிறு மாதிரி; நுனியிலிருந்து துண்டு துண்டாக எடை போட்டு வரிசையைப் படித்துவிடலாம். சைக்ளோடைடுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை, அது வளையல். ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வோர் இடத்தில் உடைய, எல்லாத் துண்டும் கலந்து குழம்பும். சாஃப்ட்வேர் அதற்கும் ஏதோ ஒரு வரிசையைத் துப்பும், ஏஜென்ட் அதையே பிரின்ட் போட்டுத் தருவார். பாலங்களை உடைத்து அடைத்த பிறகு, குளு-சி என்சைமால் வளையலை ஓரிடத்தில் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்து 18 கூடும். ஆக மொத்தம் 366. "எந்த என்சைம் போடுவீர்கள்?" என்று ஏஜென்ட்டைக் கேளுங்கள். விழித்தால் விட்டுவிடுங்கள். அப்புறம், லூசின், ஐசோலூசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் ஒரே எடை. அதைப் பிரிப்பது தனி வேலை.

மூன்று கொட்டேஷன் கேட்டு மாதக்கணக்கில் இழுக்கும் கல்லூரி நடைமுறைதான் மாணவர்களை ஏஜென்ட்டிடம் தள்ளுகிறது. நினைத்தாலே ஆத்திரம் வருகிறது. பெரிய பல்கலைக்கழகங்களின் கருவி மையங்கள் வெளியார் சாம்பிளையும் கட்டணத்துக்கு எடுக்கின்றன. கருவியை இயக்குபவரிடமே நேராகப் பேசுங்கள். சாம்பிளைச் சாறாக மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றாதீர்கள்; உறையவைத்து உலர்த்திய பொடியாக அனுப்புங்கள்.