ஃபிராங்க் ஸாப்பாவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் கிட்டார் கற்றுக்கொள்கிறான். அமெரிக்க ராக் இசைக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவைக் கேட்கும்படி அவனுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். செயலியைத் திறந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள். முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்க உட்கார்ந்தோம். கூச்சலும் கேலிப் பேச்சுமாக இருக்கிறது. நான் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன். எங்கிருந்து தொடங்குவது? வேடிக்கையை விலக்கிவிட்டு கிட்டாரை மட்டும் கேட்க முடியுமா? பாடல் வரிகள் அவன் வயதுக்கு ஏற்றவையா?

பதில்: முதலில் வரிசையை விட்டுவிடுங்கள். நீங்கள் தொடங்கிய 'ஃப்ரீக் அவுட்' 1966இல் வந்த இரட்டை இசைத்தட்டு. அன்றைய அமெரிக்க இளைஞர்கள் கேட்ட காதல் பாட்டுகளை அது நையாண்டி செய்கிறது. அந்தப் பாட்டுகள் காதில் ஏறாதவருக்கு நையாண்டி எப்படிப் பிடிபடும்? 1968இல் பீட்டில்ஸ் ஆல்பத்தின் அட்டையையும் ஹிப்பிகளையும் கிண்டல் செய்து அவர் வெளியிட்ட ஆல்பத்துக்கும் இதே கதிதான். இவற்றை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். முழுவதையும் கேட்டு முடிக்க வேண்டும் என்ற எண்ணமும் வேண்டாம். 1993இல், 52 வயதில் புற்றுநோயால் இறப்பதற்குள் 62 ஆல்பங்களை வெளியிட்டவர் ஸாப்பா. அவர் சேர்த்து வைத்துப்போன பதிவுகளிலிருந்து புதிய ஆல்பங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

1969இல் வெளிவந்த 'ஹாட் ராட்ஸ்' ஆல்பத்தில் தொடங்குங்கள். ஒரே ஒரு பாட்டில்தான் குரல் வரும். மற்றவை எல்லாம் வாத்திய இசை. முதலில் வரும் 'பீச்சஸ் என் ரெகாலியா' நான்கு நிமிடம்கூட இல்லை. அதன் மெட்டை மூன்றாம் முறை கேட்கும்போது நீங்களே முணுமுணுப்பீர்கள்.

அடுத்தது 1975இல் வந்த 'ஒன் சைஸ் ஃபிட்ஸ் ஆல்'. அதன் முதல் பாட்டான 'இன்கா ரோட்ஸ்' உங்களுக்காகவே காத்திருக்கிறது என்பேன். ஆண்டீஸ் மலையில் வேற்றுலக வாகனம் வந்து இறங்கியதா என்று ஸாப்பா குழுவின் ஜார்ஜ் டியூக் குறும்பாகப் பாடுகிறார். அதே குழுவின் ரூத் அண்டர்வுட், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவில் பின்னி எடுக்கிறார். பிறகு எல்லாம் அடங்கி, இரண்டே கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறிமாறி ஒலிக்க, அவற்றின் மேல் ஸாப்பாவின் கிட்டார் எழுகிறது. ஆதார சுருதி நகரவே இல்லை. வாசிக்கும் சுரங்களைக் கவனியுங்கள்: பிரதி மத்தியமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். கல்யாணி ராகத்தின் சுரங்கள்! நம்முடைய கமகம் அதில் கிடையாது. எனவே அதைக் கல்யாணி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே சுருதியின் மேல் நின்று, முன்கூட்டித் தீர்மானிக்காமல், பல நிமிடங்கள் கற்பனையை வளர்த்துச் செல்லும் முறை உங்கள் காதுக்குப் பழக்கமானதுதான். கார்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும் ராக் இசையில் ஊறியவர்களைவிட ஆலாபனை கேட்டவருக்கு இந்த இடம் எளிதில் வசப்படும். 1974 செப்டம்பரில் ஹெல்சிங்கிக் கச்சேரியில் வாசித்த இந்தப் பகுதியைத்தான் ஆல்பத்தில் வெட்டிச் சேர்த்தார்.

நம் வித்வான் ஒருவரும் அவருடன் வாசித்திருக்கிறார். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கர், 1978 ஹாலோவீன் இரவில் நியூயார்க் பலேடியம் அரங்கில் ஸாப்பாவுடன் மேடையேறினார். 'தர்ட்டீன்' என்ற அந்த உருப்படி 13 எண்ணிக்கை கொண்டது. வாசிக்கும் முன் அதை எப்படிப் பிரித்து எண்ணுவது என்று ஸாப்பா கூட்டத்துக்குப் பாடம் நடத்துகிறார். அதைக் கேட்க எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை. 'யூ கான்ட் டூ தட் ஆன் ஸ்டேஜ் எனிமோர்' என்ற மேடைப் பதிவு வரிசையின் ஆறாம் தொகுதியில் இது இருக்கிறது. அந்தத் தொகுதியில் ஆபாசமான பாட்டுகள் பல உண்டு. இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வேடிக்கைக்கு வருவோம். கிட்டாரை மட்டும் கேட்க வழி உண்டு. 1981இல் தனி வாசிப்புகளை மட்டுமே தொகுத்து 'ஷட் அப் அண்ட் ப்ளே யர் கிட்டார்' என்று மூன்று இசைத்தட்டுகளை அவரே வெளியிட்டார். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதி ஸாப்பாவை இழப்பீர்கள். 1974இல் வந்த 'அப்பாஸ்ட்ரஃபி' ஆல்பத்தின் தொடக்கத்தில் நான்கு பாட்டுகளில் தொடர்ந்து ஒரு கதை ஓடுகிறது. எஸ்கிமோ பையனிடம் அவன் அம்மா, "மஞ்சள் பனியைத் தின்னாதே" என்கிறாள். நாய்கள் சிறுநீர் கழிக்கும் இடம் அது. கதை அங்கிருந்து ஒரு தேவாலயத்தின் அப்பக் காலை விருந்துக்குத் தாவுகிறது. அந்த இடத்தில் மரிம்பாவும் மற்ற வாத்தியங்களும் மூச்சுவிட இடமில்லாத வேகத்தில், தேர்ந்த கலைஞர்களுக்கே கை வியர்க்கும் சுரக்கோவைகளை வாசிக்கின்றன. அப்பம் தின்னும் அற்ப விஷயத்துக்கு இத்தனை கடினமான இசை! நகைச்சுவை அந்தப் பொருத்தமின்மையில் இருக்கிறது. வார்த்தை புரியாவிட்டாலும் சிரிப்பு வரும். அவருடைய கேலி இப்படித் தாளத்திலும் சுரத்திலும் புகுந்திருப்பதால்தான் அதைச் சீவி எறிந்துவிட்டுக் கிட்டாரை மட்டும் எடுக்க முடியாது என்கிறேன்.

பாடல் வரிகளைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். பல பாட்டுகளில் பாலியல் கொச்சை உண்டு. பெண்களை இழிவாகப் பேசும் இடங்களும் உண்டு. சமூக நையாண்டி என்று சொல்லி அவற்றையெல்லாம் நியாயப்படுத்துபவர்களோடு நான் உடன்படவில்லை. 1979இல் வந்த 'ஷேக் யெர்பூட்டி', 'ஜோஸ் கராஜ்' இரண்டையும் மகனிடம் முழுதாகக் கொடுக்க வேண்டாம். இரண்டாவதில் 'வாட்டர்மெலன் இன் ஈஸ்டர் ஹே' என்ற பகுதியை மட்டும் தேடி எடுங்கள். இசைக்கு அரசு தடை விதித்த ஓர் உலகில், கிட்டாரை இழந்த ஜோ என்ற இளைஞன் மனத்துக்குள் வாசிக்கும் கடைசி வாசிப்பு அது. ஒன்பது எண்ணிக்கையில் மெதுவாக நடக்கும். தொடக்கத்தில் சிறிது பேச்சு. பிறகு கேலி, குறும்பு எதுவும் இல்லை. வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்த மனிதர் இங்கே எவ்வளவு பரிவோடு வாசிக்கிறார் என்று கேளுங்கள்.

உங்கள் மகனுக்கு இரண்டு குறிப்புகள். கிட்டாரின் நாதத்தைக் காலால் மாற்றும் கருவியான வா பெடலைப் பலரும் தாளத்துக்கேற்ப மிதித்து மிதித்து எடுப்பார்கள். ஸாப்பா அதைப் பாதி அழுத்திய நிலையிலேயே நிறுத்திவைத்து வாசிப்பார். மூக்கால் பேசுவது போன்ற அவருடைய நாதம் அதில் வருவது. கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வை இருபது வயதையொட்டிய பருவத்தில் ஸாப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்து, இந்த வாசிப்புகளை நொட்டேஷனாக எழுதினார். அவை 1982இல் நூலாக வந்தன. பக்கம் முழுக்க ஐந்து, ஏழு, பதினொன்று என்று அடைத்த சுரக்கூட்டங்கள். நொட்டேஷனைப் பார்த்தால் மிரண்டுபோவான். அவன் நான்கு அட்சரத்தை மட்டும் மெதுவாக வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுங்கள். ஐந்தாக எண்ணும் கண்ட நடையும் ஏழாக எண்ணும் மிஸ்ர நடையும் உங்களுக்குத் தெரியும். சுரக்கூட்டம் தாளத்தை விட்டு எங்கே விலகுகிறது, எங்கே வந்து சேர்கிறது என்று அவனுக்கு நீங்களே காட்டிவிடலாம்.