இளம் ஆய்வாளருக்கு வயதெல்லை உண்டா?

கேள்வி: கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டித் திறக்கப்படும் காலங்களில் மட்டக்களப்பு வாவியின் உவர்த்தன்மை எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்து, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கலாநிதிப் பட்டம் பெற்றேன். இடையில் பிள்ளைகளுக்காக ஆய்வை நிறுத்த நேர்ந்தது. இப்போது வயது 41. இளம் ஆய்வாளருக்கென விஞ்ஞானச் சங்கங்கள் வழங்கும் பரிசுகளுக்கும் உதவிகளுக்கும் இனி விண்ணப்பிக்கலாமா?
— வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் போல 40 வயதை எல்லையாகக் கொண்ட பரிசுகள் இன்றும் உள்ளன என்றாலும், பல சங்கங்கள் பிறந்த ஆண்டை விட்டுவிட்டு, கலாநிதிப் பட்டம் பெற்ற ஆண்டிலிருந்தே கணக்கிடுகின்றன. தூய, பிரயோக பௌதிகவியலுக்கான சர்வதேச ஒன்றியம் தனது தொடக்கநிலை விஞ்ஞானி பரிசுக்கு (முன்னர் இளம் விஞ்ஞானி பரிசு), பட்டத்துக்குப் பிந்திய 8 ஆண்டு ஆய்வனுபவத்தை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. ஆய்விலிருந்து விலகியிருந்த காலம் அதில் சேர்வதில்லை. உங்கள் துறை வேறாயினும், இதையொத்த விதி அங்கும் உண்டா என்று முதலில் பாருங்கள். இடைவெளியை மறைக்காமல் மாதம், ஆண்டுடன் எழுதுங்கள். சொல்லாத இடைவெளியை எந்தத் தேர்வுக் குழுவும் கழித்துக் கணக்கிடாது.

பதக்கத்தைவிட மாநாட்டுக்கான பயண உதவித்தொகையே உங்களுக்கு இப்போது கூடுதலாகப் பயன்படும் என்பது என் கருத்து. கட்டுரைகளில் பெயராக மட்டும் அறிந்தவர்களை நேரில் சந்திப்பதும், கூட்டாய்வுக்கு அழைக்கப்படுவதும் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றன. ஆனால் சில சங்கங்கள் பயணம் முடிந்து பற்றுச்சீட்டுகளைக் காட்டிய பின்னரே பணம் தருகின்றன. விமானச் சீட்டுக்குக் கைப்பணம் போடக்கூடியவருக்குத்தான் இந்த உதவி என்றால், அதை உதவி என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. முற்பணம் கிடைக்குமா என்று கேட்டு எழுதுவதில் தவறில்லை.

உள்நாட்டில், 1944இல் தொடங்கப்பட்ட இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் வருடாந்த அமர்வில் கட்டுரை படிப்பது நல்ல தொடக்கமாகும். துறைவாரியான பிரிவுகள் இருப்பதால் உங்கள் ஆய்வை அறிந்தவர்களே கேட்பார்கள்.

இறுதியாக, பரிந்துரைக் கடிதம். பல பரிசுகளுக்கு நாமே விண்ணப்பிக்க இயலாது, மூத்தவர் ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும். தாமாக முன்மொழிபவர் குறைவு. ஆகவே தயங்காமல் கேளுங்கள். “கடின உழைப்பாளி, நற்பண்புடையவர்” என்று நின்றுவிடும் கடிதத்தால் பயனில்லை. முகத்துவாரத்தை அண்டிய பாலமீன்மடுவில் எந்த மாதங்களில் நீர் மாதிரி எடுத்தீர்கள், அதில் முன்னர் அறியப்படாத எதைக் கண்டீர்கள் என்பவற்றை அரைப்பக்கக் குறிப்பாக எழுதி, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்பே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.