விறகும் வன மீட்பும்: சீமைக்கருவேலம், உண்ணிச்செடி குறித்த கேள்வி பதில்

அயல்மரங்களை அகற்றி அவற்றை எரிபொருளாக்குவது பற்றியும், அகற்றிய நிலத்தை மீட்பது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளைத் தொகுத்து இங்கே பதில் அளிக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கமுதி வட்டார விவசாயி: ஐயா, எங்கள் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மின் ஆலைக்கு விறகு அனுப்பும் ஒப்பந்ததாரர் ஒருவர், எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காமல் வெட்டித் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

தூரையும், அதாவது மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டையையும், தோண்டி எடுப்பதாக அவர் எழுத்தில் உறுதி தந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், தராவிட்டால் வேண்டாம். அவருக்கு லாபம் தருவது தரைக்கு மேலே நிற்கும் மரம்தான். தூரைத் தோண்டுவதற்கு இயந்திர வாடகை, டீசல், ஆள்கூலி என்று செலவு ஏறும். அது போதாதென்று, தூரில் ஒட்டிக்கொண்டு வரும் களிமண்ணையும் மணலையும் ஆலைக்காரர்கள் விரும்புவதில்லை. விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியமும் மணலும் கொதிகலனின் சூட்டில் சேர்ந்து உருகிக் கட்டிதட்டிவிடும் என்பதே காரணம். ஆகவே கேட்காவிட்டால் அவர் தரைமட்டத்தில் அறுத்துக்கொண்டு போய்விடுவார். அடுத்த மழையில் ஒவ்வொரு தூரிலிருந்தும் கொத்துக் கொத்தாகக் கிளை வெடிக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் அதே ஒப்பந்ததாரர் மறுபடியும் உங்கள் கண்மாய்க்கு வருவார், உங்கள் கண்மாய் அவருடைய விறகுத் தோட்டமாக இருக்கும்.

தண்டும் வேரும் சேரும் இடம்தான் துளிர்க்கும் இடம். தரைக்குக் கீழே ஒரு முழம் அளவுக்குத் தோண்டி அந்தப் பகுதியை முழுதாக எடுத்துவிட்டால் அந்த மரம் திரும்பாது. ஆனால் விதை திரும்பும். ஆடும் மாடும் இனிப்பான நெற்றைத் தின்று சாணத்தோடு போடும் விதைகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும், மண் ஈரமாக இருக்கும்போதே, கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு இதற்கான கூலியை ஒதுக்கி வைக்க ஊர்க்கூட்டத்தில் முடிவெடுங்கள். கண்மாய்க் கரையின் மேல் நிற்கும் மரங்களில் மட்டும் அவசரம் காட்டாதீர்கள். தூரைப் பிடுங்கிய குழியைச் சரியாக மூடித் திமிசு போட்டு இடித்து இறுக்காமல் விட்டால் மழைக்காலத்தில் கரை அந்த இடத்தில்தான் உடையும்.

விருதுநகர் கல்லூரி மாணவி: விறகாகப் பார்த்தால் சீமைக்கருவேலம் உண்மையிலேயே நல்ல எரிபொருளா?

மிக நல்ல எரிபொருள். நன்றாகக் காய்ந்த கட்டை கிலோவுக்கு 4,000 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும்; கந்தகம் மிகக் குறைவு; நம் நாட்டு நிலக்கரியில் எரித்த பிறகு 30 விழுக்காட்டுக்கும் மேல் சாம்பல் மிஞ்சுவது வழக்கம் என்றால், மரத்தில் ஓரிரு விழுக்காடுதான் மிஞ்சும். கவனிக்க வேண்டியது ஈரம். வெட்டிய அன்றே லாரியில் ஏற்றிய விறகின் எடையில் பாதி தண்ணீராக இருந்தால், கையில் கிடைக்கும் வெப்பம் கிலோவுக்கு 2,000 கிலோகலோரியைத் தொடுவதே கடினம். ஈரம் 20 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை வெயிலில் போட்டு வைத்தால் அதே விறகு 3,400 வரை தரும். தென் மாவட்டங்களின் வெயில் இந்த வேலையை இலவசமாகச் செய்துகொடுக்கிறது. ஈர விறகை எடை போட்டு விற்பவருக்கு அதில் அக்கறை இல்லாமல் போவதால், எடைக்கு விலை வைக்காமல் வெப்பத்துக்கு விலை வைப்பதே நியாயம் என்பது என் கருத்து.

அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர்: இந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், இதன் அருகில் கட்டிய மாடு சினை பிடிக்காது என்கிறார்களே?

இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. இதன் கெடுதலைச் சொல்வதற்குப் பொய் தேவையே இல்லை. ஆழமாக வேரோடுவது, புல்லையும் நாட்டு மரக்கன்றுகளையும் தலைதூக்க விடாமல் அடர்ந்து மூடுவது, நீர்நிலைகளின் கொள்ளளவைக் குறைப்பது, முள்ளால் மேய்ச்சல் நிலத்தை அடைப்பது ஆகியவையே போதும்.

மதுரை மின் பொறியாளர்: மாவட்டத்துக்கு ஒரு பயோமாஸ் (விறகு, பயிர்க்கழிவு எரிக்கும்) மின் ஆலை அமைத்தால் மரமும் ஒழியும், மின்சாரமும் கிடைக்கும் அல்லவா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு உண்மையான கவலை இருப்பதும் இங்கேதான்.

ஒரு மெகாவாட் திறனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டன் விறகு வேண்டும். 10 மெகாவாட் ஆலை என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன். அந்த ஆலைக்குக் கடன் கொடுக்கும் வங்கி 15, 20 ஆண்டுகளுக்கு விறகு வரும் என்ற உறுதியைக் கேட்கும். நாமோ, வேலையை ஒழுங்காகச் செய்தால் சில ஆண்டுகளில் அந்த மரமே அந்த வட்டாரத்தில் இருக்கக் கூடாது என்று நினைக்கிறோம். இரண்டு நோக்கமும் ஒரே இடத்தில் நெடுநாள் குடியிருக்க முடியாது. ஆலை பிழைக்க வேண்டுமென்றால் மரம் தழைக்க வேண்டும். அப்போது தூரை விட்டு வெட்டுவதே வழக்கமாகிவிடும், களை பயிராகிவிடும். அதுவும் பற்றாத ஆண்டில் புளியும் வேம்பும் நாட்டுக் கருவேலமும் அதே லாரியில் ஏறும்.

ஆகவே நிலத்தை மீட்கும் திட்டத்தை முதலில் வகுத்து, ஆண்டுக்கு எவ்வளவு விறகு வரும், எத்தனை ஆண்டு வரும், எந்த ஆண்டிலிருந்து குறையும் என்று கணக்கிட்ட பிறகே அதற்கேற்ற பயன்பாட்டைத் தேட வேண்டும். நெல் உமி, கரும்புச் சக்கை, தென்னை மட்டை, கடலைத் தோல் ஆகியவற்றையும் எரிக்கும்படி வடிவமைத்த ஆலை, கருவேல விறகு நின்றுபோனாலும் ஓடும். அதைவிடச் சிறந்தது, ஏற்கெனவே விறகு எரித்துக்கொண்டிருக்கும் தேயிலைத் தொழிற்சாலைகள், செங்கல் சூளைகள், சாயப்பட்டறைக் கொதிகலன்கள் ஆகியவற்றுக்கு இதை அனுப்புவது. சிறிய நீராவி மின் ஆலை விறகிலுள்ள ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைக்கூட முழுதாக மின்சாரமாக்குவதில்லை. அதே விறகை நல்ல கொதிகலனில் வெப்பத்துக்காகவே எரித்தால் நான்கில் மூன்று பங்கு பயன்படும். வேறெங்கோ வெட்டப்படவிருந்த மரமும் தப்பும். 50, 60 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோவதாக இருந்தால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கைக் கரிமூட்டத் தொழிலாளி: எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக மூட்டம் போட்டுத்தான் பிழைக்கிறது. மரத்தை ஒழித்துவிட்டால் நாங்கள் என்ன செய்வது?

அகற்றுவதைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் உங்களைப் போன்றவர்களுக்கும் ஓர் இருக்கை இருந்திருக்க வேண்டும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு மாவட்டம் மாவட்டமாக மரங்கள் வெட்டப்பட்டபோதும், பின்னர் அதே ஆண்டில் அந்தப் பணிக்கு இடைக்காலத் தடை வந்தபோதும், 2022இல் அயல்தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் தமிழ்நாடு அரசு கொள்கை வெளியிட்டபோதும், இந்த மரத்தை நம்பி மானாவாரி நிலத்தில் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

மூட்டம் போடுவது எளிய வேலை அன்று. கட்டையை நெருக்கமாக அடுக்கி, செத்தை பரப்பி, ஈர மண்ணால் மெழுகி, தீ வைத்த பிறகு இரவும் பகலும் காவல் இருந்து, மண் விரிசல் விடும் இடங்களை உடனுக்குடன் அடைத்து, அடர்ந்த வெள்ளைப் புகை மெலிந்து நீலமாகும் தருணத்தைப் பார்த்துக் காற்றை முழுதாக அடைக்கத் தெரிந்தவருக்கே நல்ல கரி கிடைக்கும். அப்படியும் நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரிதான் மிஞ்சுகிறது. மீதி ஆற்றல் புகையாகப் போகிறது, அது உங்கள் நெஞ்சிலும் இறங்குகிறது. புகையைத் திருப்பி எரிக்கும் உலோக உலைகளைத் தொழிலாளர் குழுக்களுக்கு மானியத்தில் கொடுத்தால் விளைச்சலும் கூடும், மூச்சும் தப்பும். தூரைத் தோண்டும் ஒப்பந்தங்களையும் உங்கள் குழுக்களுக்கே முதலில் தர வேண்டும். தூர்க்கட்டைக் கரி கெட்டியானது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அகற்றும் பணி ஓயும்போது கன்று வளர்ப்புக்கும் காவலுக்கும் சம்பளம் உள்ள வேலை உங்களுக்குக் கிடைக்கும் என்பதை இப்போதே திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும்.

கூடலூர் ஆசிரியை: முதுமலைப் பகுதியில் உண்ணிச்செடியை (லாந்தானா) எரிகட்டியாக, அதாவது அழுத்திச் செய்த எரிபொருள் கட்டியாக, மாற்றலாம் என்கிறார்கள். இயலுமா?

தொழில்நுட்ப அளவில் இயலும். செடியைக் காயவைத்துத் தூளாக்கி, ஈரத்தை ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து, அதிக அழுத்தத்தில் பிழிந்தால் மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகிப் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். தனியாகப் பசை வேண்டாம். சிக்கல் இரண்டு. முதலாவது, வெட்டினால் உண்ணிச்செடி அடர்ந்து துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழு உருவாக்கிய முறையில், செடியின் அடியில் நிலத்துக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறார்கள். இரண்டு மூன்று பேர், நீண்ட பிடி போட்ட மண்வெட்டி, அவ்வளவுதான். மண் கிளறப்படுவது மிகக் குறைவு என்பதால் புதிய விதைகளும் அதிகம் முளைப்பதில்லை. காட்டுக்குள் கனரக இயந்திரத்தை ஓட்டி அள்ளினால் இந்த நன்மை முழுதும் போய்விடும்.

இரண்டாவது, சட்டம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து அகற்றும் வனப்பொருளைச் சுற்றியுள்ள மக்களின் சொந்தத் தேவைக்குக் கொடுக்கலாம், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. எனவே முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் செய்யும் எந்தத் திட்டத்துக்கும் முறையான அனுமதிகளைப் பெற்ற பிறகே இயந்திரம் வாங்க வேண்டும். நீலகிரியின் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே செடியின் தண்டில் ஆளுயரத்துக்கும் மேலான யானைச் சிற்பங்களைச் செய்கிறார்கள். ஒரு கிலோ உண்ணிக்கு அதில் கிடைக்கும் கூலியை எந்த எரிகட்டியாலும் தர முடியாது.

கோவை வாசகர்: மஞ்சள் பூ பூக்கும் சென்னா மரத்தையும் எரிக்கலாமா?

எரிக்கலாம், ஆனால் காகிதக் கூழுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் முதுமலையிலிருந்து எடுத்திருக்கிறது. வெறுமனே வெட்டினால் இதுவும் துளிர்க்கும். பட்டையைச் சுற்றிலும் உரித்து, மரம் நின்றபடியே பட்டுப்போன பிறகு எடுப்பது நல்லது.

சென்னை வாசகி: விறகு எரித்தால் கரியமில வாயு உமிழ்வு இல்லை என்பது சரியா? அனல்மின் நிலையங்களிலும் நிலக்கரியோடு கலந்து எரிக்கச் சொல்லியிருக்கிறார்களே.

சரியன்று. புகைபோக்கியில் மட்டும் அளந்தால் விறகுதான் அதிகம் வெளிவிடுகிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு தரும் அளவுகளின்படி, ஒரு ஜிகாஜூல் வெப்பத்துக்கு விறகு ஏறக்குறைய 112 கிலோ கரியமில வாயுவை விடுகிறது. நிலக்கரி 95 கிலோ. அந்த இடத்தில் மீண்டும் தாவரங்கள் வளர்ந்து அதே அளவைத் திரும்ப எடுத்துக்கொண்டால்தான் கணக்கு நேராகும், அதற்கு ஆண்டுகள் ஆகும். எனவே எரிக்காவிட்டால் அந்த மரம் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வேண்டும். பிடுங்கிய களைமரத்தைக் குவித்துத் திறந்தவெளியில் கொளுத்துவதாக இருந்தால், அதைக் கொதிகலனில் எரிப்பது எல்லா வகையிலும் மேல். நன்றாக நிற்கும் இயற்கைக் காட்டை வெட்டி எரிப்பதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. அகற்றிய நிலத்தைத் தரிசாக விட்டாலும் அந்தக் கணக்கு நேராகாது. 2021இல் மத்திய மின்துறை அனல்மின் நிலையங்களுக்கு விதித்த 5 விழுக்காட்டுக் கலப்பு பெரும்பாலும் பயிர்க்கழிவுகளை மனத்தில் வைத்தது. அந்தத் தேவையைக் காட்டிக் காடுகளைத் தொடக் கூடாது.

இராமநாதபுரம் பறவை ஆர்வலர்: காஞ்சிரங்குளத்திலும் சித்திரங்குடியிலும் நாரைகள் கூடு கட்டுவதே இந்த மரங்களில்தானே?

ஆம், இவற்றிலும் கட்டுகின்றன. அங்கே வெட்டுவதற்கு முன் நட வேண்டும். நாட்டுக் கருவேலக் கன்றுகள் கூடு தாங்கும் அளவுக்கு வளரும்வரை சீமைக்கருவேலம் நிற்கட்டும். பிறகு பகுதி பகுதியாக, கூடு கட்டும் குளிர்காலம் முடிந்து கண்மாய் வற்றிய கோடையில் மட்டும் எடுக்கலாம்.

திருச்சுழி ஊராட்சி உறுப்பினர்: அகற்றிய பிறகு எதை நடுவது?

இடத்தைப் பொறுத்தது. கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பரப்பில், நாட்டுக் கருவேலமும் நீர்மருதும் தண்ணீரில் நிற்பதைத் தாங்கும். கரையின் வெளிப்புறத்தில் பனை. மேட்டு மானாவாரி நிலத்தில் குடைவேலம், வெள்வேலம், வன்னி. உவர் தட்டிய கடலோர மண்ணில் உகா. சாலை ஓரத்துக்குப் புங்கமும் வேம்பும் போதும். எல்லா இடத்தையும் மரமாக்க நினைக்காதீர்கள். மேய்ச்சல் நிலமாக இருந்த இடத்தில் கொழுக்கட்டைப் புல் விதையை முதல் மழைக்கு முன்பே தூவுங்கள். புல் நிலத்தை மூடிவிட்டால் சீமைக்கருவேலக் கன்று தலையெடுப்பது பெரிதும் குறையும். நெற்று பழுக்கும் காலத்தில் வெளியூர்க் கிடை ஆடுகளை அந்த நிலத்தில் அமர்த்துவதற்கு முன், அவற்றை ஒரு வாரம் வேறிடத்தில் கட்டித் தீவனம் போட்டு வயிறு சுத்தமான பிறகே உள்ளே விட வேண்டும் என்று கிடை மேய்க்கும் கீதாரிகளிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.